உச்சிக் கிளையில் எத்தனை காய்

மானியம் என்ற சொல் எங்கேயாவது உச்சரிக்கப்பட்டால் போதும், தம்பிக்கு மூக்கில் வியர்த்துவிடும். அவன் காய்கறி போடுகிறவன். தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு மானியம், நிழல்வலைக்கு ஒரு மானியம், நத்தையை ஒழிக்க ஒரு மானியம் என்று வாங்கி, ஒவ்வொன்றுக்கும் 'அரசு உதவியுடன்' என்று ஒரு பலகையை நிலத்தில் நட்டு வைத்திருந்தான். பலகைகளுக்கு நடுவே முட்டைக்கோசும் கொஞ்சம் வளர்ந்தது. நத்தைகள் பலகைகளில் ஏறி இளைப்பாறின.

அப்படிப்பட்டவன் காகிதக் கட்டோடு கொட்டகைக்குள் நுழைந்தபோது அக்கா தலையை நிமிர்த்தவில்லை. பேரிக்காய்ப் பெட்டிகளுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். பூ உதிர்ந்து பிஞ்சு பிடிக்கிற காலம். அந்த வேலையை அப்போதே முடிக்காவிட்டால் அறுவடைக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

"அக்கா, பழம், காய்கறி, கொட்டை போடுறவங்களுக்குன்னு புதுசா ஒரு மானியம் வந்திருக்கு. பழைய மரத்தைப் பிடுங்கிட்டுக் குட்டை ரகம் வச்சா, பிடுங்குற செலவு, கன்னு, கம்பி எல்லாம் அவங்களே தர்றாங்க."

"எனக்கு எதுக்குடா?"

"மரம் வயசானதா இருக்கணும், உயரமா இருக்கணும், சரியா காய்க்கக் கூடாது. உன் தோட்டத்தைப் பக்கத்துல நின்னு பார்த்து எழுதின மாதிரி இருக்கு."

"குட்டைன்னா எவ்வளவு குட்டை?"

"தரையில நின்னு பறிக்கலாம். ஏணியே வேண்டாம்."

அவள் சுத்தியலைக் கீழே வைத்தாள். தம்பி பிறந்ததிலிருந்து பேசிய பேச்சிலேயே உருப்படியானது அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அதைச் சொன்னால் தலைகால் தெரியாமல் ஆடுவான் என்பதால், "படிச்சுக் காட்டு" என்று மட்டும் சொன்னாள்.

அவளுக்கு மகசூல் ஒரு பொருட்டே இல்லை. அவள் வீட்டுக்காரர் விழுந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. அறுவடையின் கடைசி நாளில், மூன்று கால் ஏணியின் உச்சிப் படியில் நின்று ஒரு கிளைக்கு எட்டியவர், கிளையோடு கீழே வந்தார். தோள் எலும்பு இரண்டாக முறிந்தது. கொட்டகையில் இருந்த அவளுக்கு முதலில் ஏணியின் இரும்புக் கால் கல்லில் மோதிய சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. அந்த ஒன்றுமே கேட்காத கொஞ்ச நேரத்தில் அவள் என்னவானாள் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தோள் கூடியது. அடுத்த வருடம் அவர் மறுபடியும் ஏணியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். அன்றிலிருந்து பறிப்புக் காலம் முழுக்க அவள் கை பழத்தில் இருக்கும், காது தோட்டத்தில் இருக்கும். ஒரு தகரம் விழுந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசற்படிவரை ஓடுவாள். வேண்டாம், ஏறாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் ஏறாதே என்றால் இரண்டு தடவை ஏறுகிற மனிதர் என்பது அவள் கணிப்பு. மனைவிமாரின் கணிப்பு பெரும்பாலும் சரியாக இருக்கும் என்பதால் அதை யாரும் சரிபார்ப்பதில்லை.

தோட்டத்துக்குப் போய் ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்திருக்கலாமே என்று கேட்கலாம். அங்கேதான் ஒரு சிக்கல். கல்யாணமான புதிதில் அவர் கொட்டகைக்குள் வந்து பெரிய காயையும் சின்னக் காயையும் ஒன்றாகக் கொட்டினார். அவள் தோட்டத்துக்குள் போய் எந்தக் கிளையை வெட்டலாம் என்று யோசனை சொன்னாள். ஒரு மாதம் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு தோட்டம் அவருக்கு, கொட்டகை அவளுக்கு என்று முடிவானது. அவர் பெட்டிகளைக் கொட்டகைப் பின்வாசலில் இறக்கி வைப்பார், அவள் உள்ளே இழுத்துக்கொள்வாள். அந்த வாசற்படியைப் பறிப்புக் காலத்தில் இருவருமே தாண்டுவதில்லை. நாடுகளே இப்படி எல்லை போட்டுக்கொண்டுதான் நிம்மதியாக இருக்கின்றன, குடும்பம் எம்மாத்திரம்.

அந்தப் பின்வாசலில் வந்து இறங்கும் பெட்டிகள் இரண்டு அறுவடையாகப் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டன.

"உச்சியில ஒண்ணுமில்ல. மரம் கிழடாயிடுச்சு" என்றார் வீட்டுக்காரர்.

அவள் நம்பினாள். அவர் பொய் சொல்கிற அளவுக்குப் பேசுகிறவர் இல்லை.

ஆக, விண்ணப்பத்தில் 'காரணம்' என்ற இடத்தில் தம்பி 'மகசூல் குறைவு' என்று எழுதினான். அவளும் பொய் சொல்வதாக நினைக்கவில்லை. மீதிக் காரணத்தை எழுத அந்த இடத்தில் இடமும் இல்லை.

வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்குவதற்காக அவள் ஒரு வாரம் வாதங்களைத் தயார் செய்தாள். அவர் வைத்து வளர்த்த மரங்கள். பிடுங்கலாம் என்றால் மனிதர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார் என்று எதிர்பார்த்து, அழுவதற்குக்கூட ஒரு இடம் ஒதுக்கி வைத்திருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் பேச்சை எடுத்தாள்.

"எல்லா மரத்தையுமா?" என்றார்.

"எல்லாத்தையும்தான். பதிலுக்குக் குட்டை மரம் வைக்கலாம்."

"எங்க கையெழுத்து போடணும்?"

போட்டுவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டார். தயார் செய்த வாதங்கள் அத்தனையும் வீணாயின. அவளுக்குச் சந்தோஷம்தான், ஆனால் கொஞ்சம் கோபமும் வந்தது. இத்தனை வருடம் வளர்த்த மரத்துக்கு ஒரு பேச்சுக்காவது வருத்தப்பட வேண்டாமா? நாளைக்குத் தன்னையும் இப்படித்தான் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவாரோ என்று யோசித்தபடியே பாத்திரங்களை அடுக்கினாள்.

அரசாங்கம் யோசித்து முடிப்பதற்குள் காய் முற்றிவிட்டது. பறிப்பு தொடங்குவதற்கு முந்தைய வாரம், ஆய்வு அதிகாரியைத் தம்பி தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். அதிகாரி கழுத்தைச் சுற்றிக் கனமான பட்டை போட்டிருந்தார். மேசையில் குனிந்து குனிந்து எழுதியதில் எலும்பு பிசகியதாம். பக்கவாட்டில் பார்க்க வேண்டுமானால் முழு உடம்பையும் திருப்பினார். கீழே பார்க்க முடியாது, மேலே பார்க்கவே முடியாது. மரத்தின் உச்சியைப் பார்த்து வர அவரைத்தான் அனுப்பியிருந்தார்கள். அதற்காகக் கொடுத்த தொலைநோக்கி அவர் மார்பில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"விதிப்படி உச்சிக் கிளையில எத்தனை காய்னு எண்ணணும்" என்றார் அதிகாரி, நேர் எதிரே இருந்த வேலிக் கம்பைப் பார்த்து. "நான் அண்ணாந்து பார்க்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். நீங்க யாராவது ஏறி எண்ணிச் சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன். ஒரு மரம் போதும்."

"மாமா ஏறுவார் சார்" என்றான் தம்பி. "மாமா குரங்கு மாதிரி ஏறுவார்."

எல்லாரும் தோட்டத்துக்குள் போனார்கள். அதிகாரி வந்திருப்பதால் எல்லைச் சட்டம் அன்றைக்குச் செல்லாது என்று அவளும் பின்னால் நடந்தாள். கீழ்க் கிளைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காய்கள். மேலே அண்ணாந்தால் வெறும் இலை. அவர்கள் ரகம் பழுத்தாலும் பச்சை மாறாது. இலைக்கும் காய்க்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமானால் பக்கத்தில் போக வேண்டும். தம்பிக்கோ முழங்காலுக்கு மேலே வளர்கிற எதைப் பற்றியும் அபிப்பிராயம் கிடையாது.

வீட்டுக்காரர் ஏணியைக் கொண்டுவந்தார். முகத்தில் ஈயாடவில்லை. ஏணியின் மூன்று கால்களையும் ஒவ்வொன்றாக மண்ணில் அழுத்திப் பார்த்தார். கல் ஒன்றை எடுத்தார். அந்த இடத்தில் வேறு கல்லை வைத்தார். அதையும் எடுத்தார். அதிகாரி வேலிக் கம்பைப் பார்த்தபடி பொறுமையாகக் காத்திருந்தார்.

கடைசியில் வீட்டுக்காரர் முதல் படியில் கால் வைத்தார். இரண்டாவது படி. மூன்றாவது படியில் ஒரு காலை வைத்துவிட்டு, மற்ற காலை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"என்ன மாமா, குளவி ஏதும் இருக்கா?" என்றான் தம்பி.

பின்னால் நின்ற அவளுக்கு அவர் பிடரி தெரிந்தது. வெயிலே ஏறாத நேரத்தில் அது நனைந்திருந்தது. படியைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. பறிப்புக் காலம் முழுக்க ஏணியில் ஏறி இறங்குகிற ஆள் மூன்றாவது படியில் இப்படி நிற்பாரா? அவளுக்கு முழுதாகப் புரியவில்லை. ஆனால் அந்த முதுகை இன்னும் ஒரு நிமிடம் தம்பியும் அதிகாரியும் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பது மட்டும் புரிந்தது.

"இறங்குங்க. தோள்வலி இன்னும் முழுசா போகலைல" என்றாள். "நான் ஏறிப் பார்க்கிறேன். எண்ணத் தெரியாதா எனக்கு?"

அவர் இறங்கினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஏணியின் முன்கால்கள் இரண்டையும் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் கீழே நின்று பயப்பட்டு வருடக்கணக்காகப் பழகியவளுக்கு மேலே ஏறிப் பயப்படுவது அப்படியொன்றும் புதிதாக இல்லை.

உச்சிப் படிக்கு வந்து கிளையை விலக்கினாள்.

காய் காய்த்துத் தொங்கியது. கொத்துக் கொத்தாக, கிளை வளைகிற அளவுக்கு, அவள் கொட்டகையில் வருடக்கணக்காகப் பார்க்காத பருமனில். பக்கத்து மரத்தின் உச்சியும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான். போன வருடத்துக் காய்கள் சில கருத்துச் சுருங்கிக் காம்போடு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. பறிக்க ஆளில்லாமல் போனால்தான் காய் அப்படி ஆகும்.

பன்றிப் பண்ணைக்காரர் தெருவில் பார்க்கும்போதெல்லாம் சைக்கிளை விட்டு இறங்கி, "உங்க வீட்டுக்காரர் நல்லா இருக்கணும்மா" என்று சொன்னதன் அர்த்தம் அவளுக்கு அந்த ஏணியின் உச்சியில் விளங்கியது. உதிர்ந்த பழமெல்லாம் பன்றித் தீனியாக வண்டி வண்டியாக அங்கேதான் போயிருக்கிறது. அவள் வீட்டுக்காரர் இரண்டு வருடமாக ஏணியில் ஏறவே இல்லை. அவள் காதைத் தீட்டிக்கொண்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த அத்தனை காலையிலும் அவர் பத்திரமாகத் தரையில் இருந்திருக்கிறார்.

அழுவதா, ஏணியை விட்டு இறங்கி அவரை நாலு சாத்து சாத்துவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"என்னம்மா, எத்தனை இருக்கு?" என்று கேட்டார் அதிகாரி.

உண்மையைச் சொன்னால் மானியம் போய்விடும், மரம் நிற்கும், ஏணியும் நிற்கும். அது போகட்டும். 'உச்சியில ஒண்ணுமில்ல' என்று சொன்ன ஆள் கீழே நின்றுகொண்டிருக்கிறார். தம்பிக்குத் தெரிந்தால் சந்தைக்கே தெரியும். 'ஏணிக்குப் பயந்தவர்' என்று பேர் வைத்துச் சாகும்வரை கூப்பிடுவார்கள்.

"ஒண்ணுமில்லைங்க" என்றாள்.

அதிகாரி எழுதப் போனார். அந்த நேரம் பார்த்து ஒரு காய் காம்பு கழன்று, இலைகளில் சடசடவென்று தட்டி இறங்கி, அவர் காலடியில் தொப்பென்று விழுந்தது. அவர் குனிய முடியாதவர் என்பதால் பாதத்தால் தடவிப் பார்த்து, அது இன்னதென்று உறுதி செய்துகொண்டார்.

"அப்ப இது?"

"அந்த ஒண்ணுதாங்க இருந்துச்சு."

அதிகாரி சற்று யோசித்தார். பிறகு 'ஒன்று' என்று எழுதினார். தம்பி மூச்சை விட்டான்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் இன்னொரு காய் விழுந்தது. அப்புறம் இன்னொன்று. உச்சிப் படியில் நின்றவளுக்கு அப்போதுதான் ஏணி ஆடுவது தெரிந்தது. ஏணி ஆட, சாத்தியிருந்த கிளை ஆட, காய்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன.

"காத்து சார்" என்றான் தம்பி.

"காத்தே இல்லையே."

"இங்க இருக்காது சார். மேல அடிக்கும்."

"என்னங்க, ஏணியை ஆட்டாதீங்க" என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நான் ஆட்டல" என்றார் வீட்டுக்காரர்.

உண்மைதான், அவர் ஆட்டவில்லை. அவர் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். ஏணிக்கால்களை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, அண்ணாந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் விழுந்த அதே உச்சிப் படியில் அவள் நிற்கிறாள். மனிதருடைய உதடு வெளுத்திருந்தது. தன் முகம் இரண்டு வருடமாகக் கொட்டகையில் எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒரு காய் அதிகாரியின் எழுதும் அட்டையில் விழுந்து நசுங்கி, எழுதியதைச் சரியாக நனைத்தது. அவர் 'ஒன்று' என்பதை அடித்துவிட்டு வேறு எழுதினார். அதையும் அடித்தார். கடைசியில் பேனாவை மூடிவிட்டார்.

"இறங்கு" என்றார் வீட்டுக்காரர்.

"கொஞ்சம் சும்மா இருங்க."

"மானியமும் வேண்டாம் மண்ணாங்கட்டியும் வேண்டாம். நீ மொதல்ல இறங்கு."

இரண்டு வருடமாக அவள் வாய்க்குள்ளேயே அடக்கி வைத்திருந்த வார்த்தைகள் அவை. மண்ணாங்கட்டி மட்டும் அவர் சேர்த்தது. அவள் ஒவ்வொரு படியாக இறங்கினாள். அவள் இரண்டு காலும் தரையில் படும்வரை அவர் ஏணியை விடவில்லை. பிறகு அதிகாரி பக்கம் திரும்பினார்.

"மேல நிறைய இருக்குங்க. எல்லா மரத்துலயும் இருக்கு. இவளுக்குத் தெரியாது. மரம் நல்லாத்தான் காய்க்குது. நான்தான் ஏறுறதில்ல."

"ஏன் ஏறல?"

"பயம்."

அதிகாரி விண்ணப்பத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து முன்னும் பின்னும் புரட்டினார். "விளைச்சல் குறைஞ்சதுக்குக் காரணம்னு பூச்சி இருக்கு, பூஞ்சை இருக்கு, மண் நோய் இருக்கு. பயம் இல்லையே" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. இருந்திருந்தால் மனதார எழுதியிருப்பார் என்றுதான் தோன்றியது. "இந்தத் திட்டத்துல மரத்துக்கு வர்ற நோய் மட்டும்தான் சேரும். ஆளுக்கு வர்றது சேராது."

"புரியுதுங்க."

அதிகாரி 'மரங்கள் மிக நல்ல நிலையில் உள்ளன, பரிந்துரைக்க இயலாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தம்பி ஒரு பை நிறைய காய்களைப் பொறுக்கி நீட்டியபோது, ஆய்வுக்கு வந்த இடத்தில் எதுவும் வாங்கக் கூடாது என்று மறுத்தார். மாதிரி என்று எடுத்துக்கொள்ளலாமா என்று தம்பி கேட்டான். மாதிரி என்றால் எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

தம்பி அவரை வண்டியில் ஏற்றினான். போகும்போது அக்காவைப் பார்த்த பார்வையில் இந்தக் குடும்பத்தில் ஏன் பிறந்தோம் என்கிற வேதனை அப்பட்டமாகத் தெரிந்தது. நேர்மையால் மானியம் போன முதல் கேஸ் அவன் வாழ்க்கையில் இதுதான்.

வண்டிச் சத்தம் அடங்கியது. மரத்தடியில் இருவரும் நின்றார்கள். அவளுக்கு ஆத்திரம் இன்னும் இறங்கவில்லை.

"தினம் காலையில ஏணியைத் தூக்கிட்டுப் போனீங்களே?"

"ஆமா."

"போய்?"

"மரத்துல சாத்தி வைப்பேன். ஏறணும்னுதான் நினைப்பேன். அப்புறம் உக்காந்துடுவேன். கீழ எட்டுறதைப் பறிச்சுட்டு வருவேன்."

"நான் அங்க உக்காந்து எப்ப சத்தம் கேக்கும், எப்ப சத்தம் கேக்கும்னு செத்துக்கிட்டிருந்தேன்."

அவள் இறங்கிய பிறகு அவர் அவளை முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். "என்ன சத்தம்?"

"நீங்க விழுற சத்தம். வேற என்ன? எதுக்கு அந்த மானியத்துக்கு அலைஞ்சேன்னு நினைச்சீங்க? பெட்டிக்கா? உங்களை அந்த ஏணியிலேர்ந்து இறக்குறதுக்குத்தான்."

அவர் கீழே கிடந்த ஒரு காயை எடுத்துத் துடைத்தார், மறுபடியும் கீழேயே வைத்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, பயமா இருக்குன்னு?" என்றாள்.

"நீ சொன்னியா?"

எதிரே மரத்தின் அடியில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்குப் புல் தேய்ந்து வெறும் மண்ணாக இருந்தது. அவள் போய் அங்கே உட்கார்ந்தாள். அவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேருக்கு இடம் போதவில்லை. அவர் கொஞ்சம் புல் பக்கம் நகர்ந்துகொண்டார்.